கதைசொல்லிகளுக்கான நாட்டார் கதைகள், வாய்மொழி வரலாறு: இணையத்தில் எங்கே, எப்படித் தேடுவது?

மாலைநேரக்கதை:

எல்லோருக்கும் வணக்கம். நூலகங்களிலும் பள்ளிகளிலும் கதை சொல்கிறேன். சிறுவர்களுக்கு மட்டுமில்லை, பெரியவர்கள் கூடும் இடங்களிலும் சொல்வதுண்டு.

இணையத்தில் நாட்டார் கதைகள் என்று தேடினால் எங்கே போனாலும் ஒரே இருபது முப்பது கதைகள்தான் வருகின்றன. எல்லாமே அரைப்பக்கம், கடைசியில் ஒரு நீதி. யார் சொன்ன கதை, எந்த ஊர், எப்போது கேட்டது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. அப்படி ஒரு கதையை எடுத்துச் சொன்னால் எனக்கே அதில் பிடிப்பு வருவதில்லை. கதையின் எலும்பு மட்டும் இருக்கிறது; பேச்சு, தயக்கம், நடுவில் வரும் பாட்டு எல்லாம் போய்விட்டது.

இரண்டாவது, வாழ்ந்தவர்களின் நினைவுகளையும் மேடையில் சொல்ல ஆசை. இடம்பெயர்ந்தவர்கள், பஞ்சத்தைப் பார்த்தவர்கள், ஒரு தொழில் அழிந்ததைக் கண்ணால் கண்டவர்கள், இவர்கள் தங்கள் வாயாலேயே சொன்னது. இதற்கான பதிவுகள் எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் சொல்லலாமா?

தளங்களின் பெயர்களை மட்டும் அடுக்காமல், நீங்கள் எப்படித் தேடுகிறீர்கள் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி:

கதையின் பெயரை வைத்துத் தேடினால் அந்த இருபது கதைகளைத் தாண்ட முடியாது. கதையின் வகையைத் தேடுங்கள்.

நாட்டார் கதைகளுக்கு வகை எண் உண்டு. பின்லாந்துக்காரரான ஆர்னே 1910இல் தொடங்கியது. அமெரிக்கரான தாம்சன் 1928இலும் 1961இலும் விரிவாக்கினார். ஜெர்மானியரான ஊதர் 2004இல் முழுதாகத் திருத்தி அமைத்தார். மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏடியு எண் என்பார்கள். ஐரோப்பியச் சாய்வு உள்ள பட்டியல்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கதையின் எண் தெரிந்துவிட்டால் அதன் உறவுக்காரக் கதைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

நமக்கெல்லாம் தெரிந்த கீரிப்பிள்ளைக் கதையையே எடுத்துக்கொள்வோம். குழந்தையைக் காத்த கீரியை, வாயில் ரத்தத்தைப் பார்த்துத் தாய் அவசரப்பட்டுக் கொன்றுவிடுகிறாள். இதற்கு எண் 178ஏ. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் கற்பித்த ஆஷ்லிமன் என்ற பேராசிரியர் தொகுத்த ‘ஃபோக்டெக்ஸ்ட்ஸ்’ தளத்தில் இந்த எண்ணுக்கு ஒரு பக்கமே இருக்கிறது. அதில் கீரி நாயாக மாறியிருக்கும். வேல்ஸ் நாட்டில் கெலர்ட் என்ற வேட்டைநாய், பாம்புக்குப் பதில் ஓநாய், தாய்க்குப் பதில் லூவெலின் என்ற இளவரசன். பெத்கெலர்ட் என்ற ஊரில் அந்த நாய்க்குக் கல்லறையே உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே விடுதி நடத்தியவர் பயணிகளை ஈர்ப்பதற்காக வைத்த கல் அது என்று சொல்வார்கள். கதை ஓர் ஊருக்குள் நுழைந்தால் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பிரான்சில் இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீவன் என்ற துறவி லியோன் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனபோது, பெண்கள் நோயுற்ற குழந்தைகளைக் கின்ஃபோர் என்ற புனிதரின் இடத்துக்குத் தூக்கிப்போவதைக் கேள்விப்படுகிறார். விசாரித்தால் அந்தப் புனிதர் ஒரு நாய்! பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்து, பழி சுமந்து செத்த அதே நாய். துறவி எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்து, அங்கிருந்த தோப்பையும் வெட்டவைத்தார். அப்படியும் அந்த வழிபாடு பல நூற்றாண்டுகள் நீடித்தது.

நம் பக்கம் வாருங்கள். சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில் இந்தக் கீரி வருகிறது. மாடலன் என்ற மறையவன் கோவலனின் நற்செயல்களைச் சொல்லும்போது கீரி செத்ததை ஒரே அடியில் கடந்துபோகிறார் இளங்கோ. கேட்பவர்களுக்குக் கதை முன்பே தெரியும் என்ற நம்பிக்கை. பிறகு நடப்பதுதான் அவருக்கு முக்கியம். கணவன் வீட்டைவிட்டு வடக்கே நடக்கிறான், மனைவி அழுதுகொண்டே பின்னால் போகிறாள், கோவலன் குறுக்கிட்டுத் தானம் செய்து அவள் பழியைத் தீர்த்து இருவரையும் சேர்த்துவைக்கிறான். மற்ற வடிவங்கள் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. ஒரு கதைசொல்லிக்கு இதைவிடப் பெரிய கொடை என்ன வேண்டும்?

ஒரு கதையின் மூன்று வடிவங்களையாவது படித்துவிட்டு வாய் திறங்கள். எது எல்லாவற்றிலும் மாறாமல் நிற்கிறதோ அது கதையின் முதுகெலும்பு. மற்றதெல்லாம் உங்கள் கைக்கு விடப்பட்டது.

வகுப்பறை:

அருமைங்க ஐயா. ஆனா ஒரு சந்தேகம். எங்க பாட்டி சொன்ன கதை ஒண்ணு இருக்கு, பேரே கிடையாது. அரக்கனோட உயிர் ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள்ள இருக்கும்னு வரும். இதுக்கு எண் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஏட்டுச்சுவடி:

பெயர் வேண்டாம், கதையில் நடக்கும் விசித்திரமான ஒன்றைப் பிடியுங்கள். நீங்கள் சொன்னதில் அது ‘உடலுக்கு வெளியே உயிர்’. தாம்சன் தொகுத்த கதைக்கூறுகளின் அட்டவணை ஆறு தொகுதிகளாக 1955 முதல் 1958க்குள் திருத்திய பதிப்பாக வந்தது, இணையத்தில் தேடக் கிடைக்கிறது. அதில் இந்தக் கூறு இ710. அதைப் பிடித்துக்கொண்டு போனால் கதைவகை 302 வரும். ரஷ்யாவின் கொஷ்சேய், உயிரை முட்டைக்குள் வைத்தவன், அவனும் அங்கேதான் இருக்கிறான்.

ஆங்கிலத்தில்தான் தேட வேண்டியிருக்கும். கதையை அப்படியே தட்டச்சு செய்யாமல் மூன்று நான்கு பெயர்ச்சொற்களாக உடைத்துப் போடுங்கள்: அரக்கன், கிளி, உயிர், இளவரசி. கூடவே கதைவகை என்ற சொல்லையும் சேருங்கள்.

ஒலிப்பேழை:

படிப்பதைப் பற்றியே பேசுகிறோம். கேட்க வேண்டாமா? கதைசொல்லிக்கு எழுத்தைவிட ஒலிப்பதிவு பத்து மடங்கு சொல்லிக்கொடுக்கும்.

ஸ்காட்லாந்தின் ‘டோபர் அன் டுவல்ஹைஸ்’ தளத்துக்குப் போங்கள். 1930களிலிருந்து தொடங்கும் பல்லாயிரம் பதிவுகள், பெரும்பாலும் கேலிக் மொழியிலும் ஸ்காட்ஸ் மொழியிலும். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் சுருக்கம் உண்டு. மொழி புரியாவிட்டாலும் கேளுங்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு ஒலியை ஓடவிட்டால், எந்த இடத்தில் சொல்பவர் வேகம் எடுக்கிறார், எங்கே மூச்சை நிறுத்துகிறார், உரையாடலுக்குக் குரல் மாற்றுகிறாரா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும். நல்ல கதைசொல்லிகள் பலர் குரலை மாற்றுவதே இல்லை. பாத்திரத்தை நடிக்காமல் சொல்லிக்கொண்டே போவார்கள். மேடைப் பயிற்சியில் நமக்குச் சொல்லித்தருவதற்கு நேர் எதிர்.

அயர்லாந்தின் ‘டூகஸ்’ தளம் இன்னொரு புதையல். 1937 முதல் 1939 வரை நாடெங்கும் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள பெரியவர்களிடம் கதை, விடுகதை, வைத்தியம், ஊர்ப்பெயர்க் காரணம் எல்லாம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன. இப்போது பக்கத்தின் படம் ஒருபுறம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த எழுத்து மறுபுறம். எழுதிய பிள்ளையின் பெயரும், சொன்ன பெரியவரின் பெயரும், பல இடங்களில் வயதும் ஊரும் இருக்கும். பிள்ளைக் கையெழுத்தில் ஒரு பேய்க்கதையைப் படித்துப் பாருங்கள். அழகுபடுத்தத் தெரியாத வயது என்பதால் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருப்பார்கள். கதை சட்டென்று முடிந்துவிடும், விளக்கமே இருக்காது. அந்த வேகத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்தியக் குரல்கள் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் ஆட்சியில் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக்கணக்கெடுப்பையொட்டி 1913 முதல் 1929 வரை எடுத்த இசைத்தட்டுப் பதிவுகள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் இருக்கின்றன. பைபிளில் வரும் ஊதாரி மகன் உவமையை மொழிக்கு மொழி சொல்லவைத்துப் பதிந்தார்கள். கூடவே சில தட்டுகளில் வேறு கதையும் பாட்டும் உண்டு. எழுதிக்கொடுத்ததைச் சொல்லும் விறைப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நூறாண்டுக்கு முந்தைய மூச்சு அது.

கூத்துமேடை:

எல்லாம் சரி. ஆனால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குட்டன்பர்க், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய மின்னூல் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் நம் நாட்டுக் கதைத் தொகுப்புகளில் பெரும்பகுதி வெள்ளைக்கார அதிகாரிகளின் வீட்டுப் பெண்களும் பாதிரிமார்களும் தொகுத்தவை. சொன்னவரின் பேச்சு விக்டோரியா காலத்து ஆங்கிலத்தில் கரைந்துபோயிருக்கும்.

1890இல் லண்டனில் வந்த ‘டேல்ஸ் ஆஃப் தி சன்’ தொகுப்பின் முன்னுரையைப் படியுங்கள். தென்னிந்தியக் கதைகள். கிங்ஸ்கோட் அம்மையாரும் பண்டித நடேச சாஸ்திரியும் சேர்ந்து வெளியிட்டது. அந்த அம்மையார் முதலில் தன் வீட்டு வேலைக்காரர்கள் வழியாக, கடைவீதிக் கிழவிகள் சொன்ன கதைகளை வரவழைத்திருக்கிறார். அவற்றில் கலப்படமும் வெளிச்சரக்கும் மிகுந்திருந்ததாகவும், சாஸ்திரியின் உதவி கிடைத்ததால்தான் நூல் பிழைகளிலிருந்து தப்பியதாகவும் எழுதுகிறார். நான் கேட்பது இதுதான்: அந்தக் கிழவிகள் சொன்னது எங்கே? அந்தக் கலப்படத்தில்தானே கதை உயிரோடு இருந்திருக்கும்? படித்தவர் சரிபார்த்துக் கொடுத்த வடிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு இதுதான் பழங்கதை என்று மேடையில் சொல்வது கிழவிகளுக்குச் செய்யும் துரோகம்.

நடேச சாஸ்திரியின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. 1880களில் இதைச் செய்ய முன்வந்தவர் மிகச் சிலர். ஆனால் யார் வடிகட்டினார்கள் என்று தெரியாமல் எந்தக் கதையையும் எடுக்காதீர்கள்.

ஏட்டுச்சுவடி:

கூத்துமேடை சொல்வதை மனமார ஏற்கிறேன். முன்னுரையைப் படிக்காமல் கதைக்குள் போகக்கூடாது. ஜெர்மானியக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களுக்கும் இதே கதைதான். 1812இல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். அடுத்த பதிப்பில் மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். 1857இல் வந்த ஏழாம் பதிப்புவரை இப்படித் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். நாம் படிக்கும் மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவை அந்தக் கடைசிப் பதிப்பைச் சார்ந்தவை.

ஆனாலும் அந்தக் காலத் தொகுப்புகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1868இல் வந்த ‘ஓல்ட் டெக்கான் டேஸ்’ என்ற தொகுப்பைத் திறந்து பாருங்கள். பம்பாய் ஆளுநரின் மகள் மேரி ஃபிரியர் தொகுத்தது. தந்தையோடு தக்காணத்தில் பயணம் போனபோது கூட இருந்த ஆயா அன்னா லிபராட்டா டிசோசா சொன்ன கதைகள். எழுதியதை அன்னாவிடமே படித்துக் காட்டிச் சரிபார்த்ததாக மேரி குறிப்பிடுகிறார். வகுப்பறை கேட்ட கிளிக்குள் உயிர் கதை அதில் ‘பஞ்ச்கின்’ என்ற தலைப்பில் இருக்கிறது.

அதைவிட முக்கியமானது, நூலின் தொடக்கத்தில் அன்னாவின் வாழ்க்கை அவர் வாய்மொழியாகவே தரப்பட்டிருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் பாட்டி கதை சொன்னது, பிறகு கணவனை இழந்து பிள்ளைகளுக்காக வேலைக்கு வந்தது எல்லாம். தன் சிறுவயதில் பெரியவர்களுக்குக் கதை சொல்வதில் இருந்த ஆசை இப்போது இல்லையே, பணம் சேர்ப்பதில்தான் ஆசை என்று 1860களிலேயே வருத்தப்படுகிறார் அன்னா. மேரியின் ஆங்கிலம் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது, உண்மை. என்றாலும் நாட்டார் கதையும் அதைச் சொன்னவரின் வாழ்க்கையும் ஒரே அட்டைக்குள் கிடைக்கும் நூல் அந்தக் காலத்தில் அபூர்வம். மாலைநேரக்கதை கேட்ட இரண்டும் இங்கே ஒன்றாக இருக்கின்றன.

மாலைநேரக்கதை:

ஐயா, இன்று மாலையே அன்னாவின் பகுதியைத் தேடிப் படிக்கிறேன். மிக்க நன்றி.

தமிழிலேயே தேட என்ன வழி? ஆங்கிலம் தெரியாத கதைசொல்லிகள் எங்கள் குழுவில் பலர் இருக்கிறார்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேச மனமில்லை.

பழுப்புத்தாள்:

தமிழில் நிறைய இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது என்பதுதான் சிக்கல்.

மதுரைத் திட்டத்திலிருந்து தொடங்கலாம். 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்துவது. இலக்கியம்தான் அதிகம், ஆனாலும் எழுத்தாகவே இருப்பதால் சொல் கொடுத்துத் தேட முடியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் உண்டு. அங்கே பக்கங்கள் பெரும்பாலும் படங்களாக இருப்பதால் நூலுக்குள் சொல் தேடினால் ஒன்றும் வராது. வரவில்லை என்றதும் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். நூலைத் திறந்து பொருளடக்கத்தைப் பாருங்கள்.

ஈழத்துப் பொருள் வேண்டுமானால் நூலகம் தளம், 2005 முதல் இயங்குகிறது. நூல்கள் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளி மலர்கள், கோயில் மலர்கள், இறந்தவர் நினைவாக வீட்டார் வெளியிட்ட மலர்கள் எல்லாம் இருக்கின்றன. ஓர் ஊரின் கதை, ஒரு குடும்பம் இடம்மாறிய கதை, அங்கே சொல்லப்பட்ட வேடிக்கைக் கதை இவையெல்லாம் அந்த மலர்களில்தான் ஒளிந்திருக்கும். அதே நிறுவனத்தின் ‘ஆவணகம்’ என்ற பல்லூடகத் தளத்தில் ஒளிப்படங்களும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் உள்ளன.

தேடும் சொல்லைப் பற்றி ஒன்று. நாட்டுப்புறக் கதை என்று மட்டும் போடாதீர்கள். நாட்டார் வழக்காறு, கிராமியக் கதை, கர்ண பரம்பரைக் கதை, கதைப்பாடல், வில்லுப்பாட்டு, தல வரலாறு, வாய்மொழி வழக்காறு என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. கதைப்பாடல் என்று தேடினால்தான் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை, காத்தவராயன் கதைப்பாடல் போன்றவை கண்ணில் படும். ஆர்க்கைவ் தளத்தில் தமிழ் நூல்களின் தலைப்பைப் பலர் ஆங்கில எழுத்தில் பதிந்திருப்பதால் இரண்டு எழுத்திலும் தேட வேண்டும்.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும், சென்னையில் 1997இல் தொடங்கிய தேசிய நாட்டுப்புறவியல் உதவி மையமும் பல ஆண்டுகள் களப்பணி செய்தவை. அவர்களின் வெளியீடுகளில் சொன்னவர் பெயரும் இடமும் ஒழுங்காக இருக்கும். கூத்துமேடை கேட்கும் வடிகட்டாத வடிவத்துக்கு அங்கே போக வேண்டும்.

சிறுவர்களுக்குச் சொல்பவர்கள் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தையும் பாருங்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. தமிழிலும் கதைகள் உண்டு, திறந்த உரிமத்தில் இருப்பதால் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். நாட்டார் கதைகளின் மூலவடிவத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

வகுப்பறை:

வாய்மொழி வரலாறு பத்தியும் சொல்லுங்களேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பிரிவினை பத்திச் சொல்லணும். பாடப்புத்தகத்துல இருக்கறது அவங்க மனசுல ஒட்டவே மாட்டேங்குது. ஒரு ஆள் சொன்னதை ‘நான்’னு அவரா நின்னு சொன்னா நல்லா இருக்குமா?

ஒலிப்பேழை:

பிரிவினைக்கு ‘1947 பார்ட்டிஷன் ஆர்க்கைவ்’ இருக்கிறது, 2010இல் தொடங்கியது. நேரில் வாழ்ந்தவர்களின் 10,000க்கும் மேற்பட்ட நேர்காணல்களைப் பதிந்திருக்கிறார்கள். எல்லாமே பொதுவில் இல்லை. ஒரு பகுதியை இணையத்தில் பார்க்கலாம். கிராமப்புற வாழ்க்கைக்கு ‘பாரி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஊரக இந்திய மக்கள் ஆவணகம். பி. சாய்நாத் 2014இல் தொடங்கியது, தமிழிலும் படிக்கலாம். அதில் மகாராஷ்டிரத்துப் பெண்கள் திருகையில் மாவரைக்கும்போது பாடிய பாடல்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. 1,00,000க்கும் மேற்பட்ட பாடல்கள் சேகரிக்கப்பட்டவை. பாடியவர் பெயர், ஊர், பதிந்த நாள் எல்லாம் ஒவ்வொரு பாடலுக்கும் கீழே இருக்கும். ஒரு ஆவணம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைத்தான் காட்டுவேன்.

இனி ‘நான்’ என்று சொல்வது பற்றி. என் கருத்து கடுமையானது: வேண்டாம். நாட்டார் கதை பலர் வாயில் உருண்டு வந்தது, உங்கள் வாய்க்கும் அதில் இடம் உண்டு. வாய்மொழி வரலாறு ஒருவருடையது. அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கோ இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. நேர்காணல் என்பது இருவர் பேசியது. அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை அரசுத் திட்டம் ஒன்றில் அடிமைகளாக இருந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசினார்கள். 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் முழுதாகக் கிடைக்கின்றன. கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சொன்னவர்கள் முதிர்ந்த வயதில், பொருளாதார மந்தநிலையில் வறுமையில் இருந்தவர்கள். வந்திருப்பவர் அரசாங்க ஆள், உதவித்தொகை கிடைக்கச் செய்வாரோ என்ற எதிர்பார்ப்பும் சிலருக்கு. அதனால் ‘எங்கள் எசமான் நல்லவர்’ என்ற பேச்சு வரும் இடங்களை அப்படியே நம்பிவிட முடியாது. பேச்சுவழக்கையும் எழுதியவர்கள் தம் மனப்படத்துக்கு ஏற்பக் கொச்சையாக்கினார்கள். இதெல்லாம் தெரியாமல் ஒரு பக்கத்தை எடுத்து ‘நான்’ என்று நடித்தால், கேட்டவரின் பார்வையையும் சேர்த்து நடிக்கிறோம். அதே நூலகத்தில் அடிமை வாழ்வை அனுபவித்தவர்கள் சிலரின் ஒலிப்பதிவுகளும் உள்ளன. அவற்றைக் கேட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள், இடைவெளி புரியும்.

வகுப்பில் அவருடைய குரலையே இரண்டு நிமிடம் ஒலிக்கவிடுங்கள். பிறகு நீங்கள் நீங்களாக நின்று சொல்லுங்கள்.

கூத்துமேடை:

இதில் ஒலிப்பேழையோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் பட்ட பாட்டை இன்னொருவர் உடலில் ஏற்றிச் சொல்வது தொன்றுதொட்டு வரும் கலை. ‘அவர் சொன்னார்’ என்று தள்ளி நின்று சொன்னால் கேட்பவரும் தள்ளியே நிற்பார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தத் தூரம் ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் இருக்கிறதே.

தொடங்கும் முன் யார் சொன்னது, எந்த ஆவணத்தில் இருக்கிறது, எதைச் சுருக்கியிருக்கிறேன் என்று சபையில் அறிவித்துவிட்டு ‘நான்’ என்று சொல்லலாம். சொல்லாத சொல்லை அவர் வாயில் திணிக்கக்கூடாது, அழுகையைக் கூட்டக்கூடாது. இந்த இரண்டையும் காப்பாற்றினால் அது மரியாதைதான்.

ஒலிப்பேழை:

சபையில் அறிவிப்பது நல்லது, ஏற்கிறேன். ஆனால் உயிரோடு இருப்பவர், அல்லது பிள்ளைகள் உயிரோடு இருப்பவர் என்றால் ஆவணகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். நேர்காணல் கொடுத்தபோது அவர் எதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆய்வுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டவரை மேடையில் ஏற்றக்கூடாது. இந்த ஒன்றில் நான் இறங்கிவர மாட்டேன்.

பழுப்புத்தாள்:

உரிமை பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். கதை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதை எழுதியவரின் வாசகத்துக்கு உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள். வேறு பல நாடுகளில் 70. மூலம் பழையதாக இருந்தாலும் மொழிபெயர்ப்பு புதியதாக இருக்கலாம், மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை. ஆகவே நூலில் இருந்ததை வரிக்கு வரி ஒப்பிக்காமல் பல வடிவங்களைப் படித்து உங்கள் சொல்லில் சொல்வது கலைக்கும் நல்லது, சட்டத்துக்கும் நல்லது. ஒலிப்பதிவுகளுக்கு அந்தந்தத் தளத்தின் உரிமக் குறிப்பைப் படியுங்கள். வணிக நோக்கம் கூடாது என்றிருந்தால், கட்டணம் வாங்கும் நிகழ்ச்சியில் அதை ஒலிக்கவிட அனுமதி கேட்க வேண்டும்.

சட்டம் தடுக்காத இடத்திலும் நின்று யோசிக்க வேண்டியவை உண்டு. வட அமெரிக்கத் தொல்குடிகள் பலருக்கு, நவஹோ மக்கள் உட்பட, சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியத் தொல்குடி ஆவணங்களைத் திறந்தால், இறந்தவர்களின் குரலும் படமும் இதில் இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை முதலில் வரும். யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பதைச் சமூகமே முடிவு செய்வதற்காக முகுர்ட்டு என்ற மென்பொருளையே உருவாக்கியிருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய ஆங்கில நூலில் அச்சாகிவிட்டது என்பதால் அந்தக் கதை நமக்கு அவிழ்த்துவிடப்பட்டதாக ஆகாது.

ஏட்டுச்சுவடி:

ஒரு நடைமுறைக் குறிப்பு. கண்டதை உடனே சேமியுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்து, அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், தனி ஒருவர் ஓய்வு நேரத்தில் நடத்தும் தளத்தை நினைத்துப் பாருங்கள்.

முகவரியை மட்டும் குறித்து வைத்தால் போதாது. சொன்னவர், கேட்டு எழுதியவர், இடம், ஆண்டு, தொகுப்பின் பெயர், பக்க எண் அல்லது பதிவு எண், நீங்கள் பார்த்த நாள் இவ்வளவையும் எழுதுங்கள். இணையப் பக்கங்களின் பழைய நகல்களைக் காத்துவைக்கும் வேபேக் மெஷினில் பக்கத்தைப் போட்டு வையுங்கள். தளம் இடம் மாறினாலும் பதிவு எண்ணை வைத்து மீட்டுவிடலாம். முன்பே இறந்துபோன இணைப்பு என்றால் அந்த முகவரியையே வேபேக்கில் கொடுத்துப் பாருங்கள்.

மாலைநேரக்கதை:

அன்னாவின் பகுதியைப் படித்தேன். அவர் கதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் போனேன், இப்போது அவர் வாழ்க்கையைச் சொல்லாமல் கதையை மட்டும் சொல்ல முடியாது என்று தோன்றுகிறது. அடுத்த நிகழ்ச்சியில் பஞ்ச்கின் கதையை அவர் பெயரோடு சொல்லப் போகிறேன். கொஷ்சேயையும் தேடிப் படித்துவிட்டேன். வகுப்பறை, உங்கள் பாட்டி சொன்ன வடிவத்தையும் எழுதி அனுப்புவீர்களா? அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி. அன்னாவைப் பற்றிக் கதைக்கு முன்னால் சொல்வதா, பின்னால் சொல்வதா?

கூத்துமேடை:

பின்னால் சொல்லுங்கள் அம்மா. முன்னால் சொன்னால் முன்னுரை ஆகிவிடும், சபை கதைக்காகக் காத்திருக்கும். கதை முடிந்து கிளியின் கதை என்னவானது என்று மனம் நிறைந்திருக்கும்போது, இதைச் சொன்னது ஒரு ஆயா, அவர் பெயர் இது என்று தொடங்கினால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

வகுப்பறை:

பாட்டி இப்ப இல்லைங்க. ஆனா பெரியம்மாவுக்கு அந்தக் கதை முழுசாத் தெரியும், நடுவுல வர்ற பாட்டோட. ஞாயித்துக்கிழமை போயி கைபேசியில பதிஞ்சுட்டு வர்றேன். ஒலிப்பேழை, பதியறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட என்னென்ன கேட்டு ஒப்புதல் வாங்கணும்?

ஒலிப்பேழை:

பதிவின் தொடக்கத்திலேயே பெயர், ஊர், நாள் மூன்றையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள். யாருக்கெல்லாம் போட்டுக் காட்டலாம், இணையத்தில் ஏற்றலாமா, பெயர் போடலாமா என்று தனித்தனியாகக் கேட்டு, அவர் சொல்லும் பதிலும் அதே பதிவில் இருக்கட்டும். இந்தக் கதையை யாரிடம் கேட்டார் என்றும் கேளுங்கள். கேட்பதற்கு உங்களோடு ஒன்றிரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கருவியைப் பார்த்துச் சொல்வதற்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வதற்கும் கதையே மாறும். பாட்டு வரும்போது நிறுத்திச் சொல் கேட்க வேண்டாம், முழுதாகப் பாடி முடித்த பிறகு தனியாக ஒருமுறை சொல்லிக்காட்டச் சொல்லலாம்.